40 மணி நேரப் பயிற்சியில் தெரபிஸ்ட் ஆகிவிட முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் போன்றோரின் நடத்தையைக் கவனித்து, அளந்து, புதிய திறன்களைக் கற்றுத்தரும் முறை பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு, சுருக்கமாக ஏ.பி.ஏ. இந்தத் துறையில் சேர விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஆர்.பி.டி., பி.சி.ஏ.பி.ஏ., பி.சி.பி.ஏ. என்று வெறும் எழுத்துகளாகவே சொல்கிறார்கள். எது எதற்கு? உளவியல் படித்தவர்கள்தான் வர முடியுமா?

பதில்: போதாக்குறைக்கு, இவற்றையெல்லாம் வழங்கும் அமைப்பின் பெயரும் பி.ஏ.சி.பி.! அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது, 1998இல் தொடங்கப்பட்டது. குழப்பம் வேண்டாம், இங்கே அதை 'வாரியம்' என்றே சொல்வோம்.

முதல் படி ஆர்.பி.டி. குழந்தையோடு உட்கார்ந்து, ஏற்கெனவே எழுதிவைத்த திட்டத்தை அப்படியே நடத்தி, டேட்டா எடுப்பவர். பள்ளிப் படிப்பு முடித்து 18 வயது ஆகியிருந்தால் போதும். இரண்டாவது படியான பி.சி.ஏ.பி.ஏ.வுக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். திட்டம் எழுதலாம், ஆனால் ஒரு பி.சி.பி.ஏ.வின் மேற்பார்வை எப்போதும் இருக்க வேண்டும். மூன்றாவதான பி.சி.பி.ஏ.வுக்கு முதுகலைப் பட்டம் தேவை. மதிப்பீடு செய்வது, திட்டம் வகுப்பது, மற்ற இரண்டு நிலையினரை மேற்பார்வையிடுவது எல்லாம் இவர் பொறுப்பு. முனைவர் பட்டம் வாங்கிய பி.சி.பி.ஏ. தன் பெயரோடு 'டி' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் கூடுதல் அதிகாரம் எதுவும் வந்துவிடாது.

பட்டம் உளவியலில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, சமூகப்பணி படித்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பட்டத்தின் பெயரைவிட, அதற்குள் நடத்தைப் பகுப்பாய்வுப் பாடங்கள் எத்தனை மணி நேரம் இருந்தன என்பதைத்தான் பார்ப்பார்கள். வாரியம் குறித்துக் கொடுத்த பாடங்களை எடுத்து அந்த வழியில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு, வாரியப் பாடத்திட்டத்தின் ஐந்தாம் பதிப்புப்படி இது பி.சி.பி.ஏ.வுக்கு 315 மணி நேரம், பி.சி.ஏ.பி.ஏ.வுக்கு 225 மணி நேரம். 2027 ஜனவரியில் தகுதி விதிகள் மாறுகின்றன. இப்போது படிப்பில் சேர்கிறவர்கள், படிப்பு முடிந்து விண்ணப்பிக்கும் ஆண்டில் எந்த விதி நடப்பில் இருக்கும் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்காவில் இல்லை. 'சர்வதேசச் சான்றிதழ்' என்று விளம்பரம் பார்த்து ஒரு ஆன்லைன் ஆர்.பி.டி. வகுப்பில் சேர்ந்துவிட்டேன். தேர்வு எழுத முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. 2023 ஜனவரி 1 முதல் வாரியம் அமெரிக்காவுக்கு வெளியே மிகச் சில நாடுகளைத் தவிர வேறெங்கும் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. இந்த முடிவை 2019இலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் விளம்பரங்கள் நிற்கவில்லை. ஆர்.பி.டி.க்கான 40 மணி நேர வகுப்பை உலகில் எங்கிருந்தும் படிக்கலாம் என்பது உண்மை. வகுப்பு முடிந்ததும் பயிற்சி நிறுவனம் கொடுப்பது 'வகுப்பை முடித்தார்' என்ற தாள் மட்டுமே. அதைக் காட்டி 'நான் ஆர்.பி.டி.' என்று போட்டுக்கொண்டால் அது பொய்த் தகுதி.

உங்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. கியூ.ஏ.பி.ஏ. என்ற அமைப்பு பல நாட்டவரையும் ஏற்கிறது, அதில் ஏ.பி.ஏ.டி., கியூ.ஏ.எஸ்.பி.-எஸ்., கியூ.பி.ஏ. என்று மூன்று படிகள். ஐ.பி.ஏ.ஓ. என்ற அமைப்பில் ஐ.பி.டி., ஐ.பி.ஏ. என்று இரண்டு. பணம் கட்டுவதற்கு முன் மூன்று பேரிடம் கேளுங்கள். வேலைக்கு எடுக்கப்போகும் மையம் இந்தச் சான்றிதழை ஏற்கிறதா? காப்பீட்டு நிறுவனம் இதற்குப் பணம் தருகிறதா? நீங்கள் இருக்கும் நாட்டில் இந்தத் தொழிலுக்கென்று தனி உரிமச் சட்டம் இருக்கிறதா? அமெரிக்காவுக்குள்ளேயேகூட பெரும்பாலான மாநிலங்களில் வாரியச் சான்றிதழோடு மாநில உரிமமும் வாங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் சேர்ந்த வகுப்பு முழுக்க வீண் என்று சொல்ல மாட்டோம். ஐ.பி.டி. போன்றவற்றுக்கும் அடிப்படைப் பயிற்சி கேட்கிறார்கள். அந்த வகுப்பின் பாடப்பட்டியலை அவர்களுக்கு அனுப்பி, கணக்கில் வருமா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.பி.டி. ஆவதற்கு வரிசையாக என்னென்ன செய்ய வேண்டும்? எந்த இடத்தில் சிக்கல் வருகிறது?

பதில்: முதலில் 40 மணி நேரப் பயிற்சி. ஐந்து நாளுக்குக் குறையாமலும் 180 நாளைத் தாண்டாமலும் முடிக்க வேண்டும். வார இறுதி இரண்டு நாளில் ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்தது குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. அதன் பிறகு திறன் மதிப்பீடு: ஒரு பி.சி.பி.ஏ. அல்லது பி.சி.ஏ.பி.ஏ. உங்களைப் பார்த்து, குழந்தையோடு செய்யவைத்தோ நடித்துக் காட்டச் சொல்லியோ கேள்வி கேட்டோ ஒவ்வொரு திறனாகத் தேர்ச்சி போடுவார். பிறகு விண்ணப்பம், கடைசியில் தேர்வு. 90 நிமிடத்தில் 85 கேள்வி. அவற்றில் 75க்குத்தான் மதிப்பெண். மீதி 10 அடுத்தடுத்த தேர்வுகளுக்கான சோதனைக் கேள்விகள். எது எது என்று தெரியாது என்பதால் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியே ஆக வேண்டும்.

சிக்கல் வருவது தேதிகளில்தான். திறன் மதிப்பீடு விண்ணப்பத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு 180 நாளுக்குள். மதிப்பீட்டை அவசரமாக முடித்துவிட்டு, பள்ளிச் சான்றிதழைத் தேடிக்கொண்டே நாலு மாதம் கழித்தால் மதிப்பீட்டை மறுபடியும் செய்ய வேண்டியதுதான். எல்லாக் காகிதமும் கையில் வந்த பிறகு மதிப்பீட்டுக்குத் தேதி வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் மேற்பார்வையாளர். ஆர்.பி.டி. தனியாக இயங்க முடியாது. மாதத்தில் எத்தனை மணி நேரம் குழந்தையோடு வேலை செய்கிறாரோ, அதில் குறைந்தது 5 சதவீத நேரம் மேற்பார்வையில் இருக்க வேண்டும். 80 மணி நேரம் செய்தால் 4 மணி நேரம். மேற்பார்வையாளர் இல்லாமல் செஷன் நடத்தினால் அது ஆர்.பி.டி. சேவையே ஆகாது. ஆகவே வகுப்பில் சேர்வதற்கு முன்னாலேயே உங்களை மேற்பார்வையிடப் போவது யார் என்று கேட்டு வையுங்கள். பதில் இல்லை என்றால் அந்த 40 மணி நேரத்துக்குச் செலவழிக்காதீர்கள்.

2026 முதல் சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுக்குள் 12 மணி நேரத் தொடர்பயிற்சி முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: முதுகலை படித்துக்கொண்டே ஆர்.பி.டி.யாக வாரம் 30 மணி நேரம் வேலை செய்கிறேன். ஒன்றரை வருடத்தில் 2,000 மணி நேரம் தாண்டிவிடும். பி.சி.பி.ஏ. களப்பணி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கணக்கில் ஏமாந்தவர்கள் அதிகம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பி.சி.பி.ஏ.வுக்குக் களப்பணி, அதாவது மேற்பார்வையில் செய்யும் பயிற்சி வேலை, இரண்டு வகை. சாதாரண வகையில் 2,000 மணி நேரம், அதில் 5 சதவீதம் மேற்பார்வை. செறிவான வகையில் 1,500 மணி நேரம் போதும், ஆனால் 10 சதவீதம் மேற்பார்வை. எந்த வகையானாலும் ஒரு மாதத்தில் 20 மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த மாதமே கணக்கில் வராது. மாத உச்சவரம்பும் உண்டு, அதைத் தாண்டினால் மேலே உள்ளது வராது. ஐந்து ஆண்டுக்குள் எல்லாம் முடிந்திருக்கவும் வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். களப்பணி நேரத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். குழந்தையோடு உட்கார்ந்து திட்டத்தை நடத்துவது ஒரு வகை. மதிப்பீடு செய்வது, திட்டம் எழுதுவது, வரைபடம் போட்டு டேட்டாவை அலசுவது, பெற்றோருக்கும் மற்ற ஊழியர்களுக்கும் கற்றுக்கொடுப்பது, அந்தக் குழந்தையின் பிரச்சினைக்கான ஆய்வுக்கட்டுரைகளைத் தேடிப் படிப்பது எல்லாம் இன்னொரு வகை. மொத்தத்தில் குறைந்தது 60 சதவீதம் இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். 2,000இல் 1,200 மணி நேரம்! நீங்கள் செய்யும் வாரம் 30 மணி நேர செஷன் முழுக்க முதல் வகை. எத்தனை வருடம் செய்தாலும் அதிலிருந்து 800க்கு மேல் ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது வகை வேலையை மேற்பார்வையாளர்தான் கொடுக்க வேண்டும். கூட்டம் நிறைந்த மையங்களில் அவருக்கே நேரம் இருப்பதில்லை. உங்களை செஷனில் உட்காரவைத்தால் வருமானம், வரைபடம் போடவைத்தால் இல்லை. ஆகவே வேலையில் சேரும்போதே 'வாரத்துக்கு இத்தனை மணி நேரம் செஷன் அல்லாத வேலை தருவீர்களா' என்று கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மேற்பார்வை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த மணி நேரமும், நடத்தைப் பகுப்பாய்வுப் பாடங்கள் தொடங்குவதற்கு முன் செய்ததும் செல்லாது.

மேற்பார்வையாளரின் தகுதியையும் நீங்களே சரிபாருங்கள். 8 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பி.சி.பி.ஏ. ஆகி ஓராண்டு நிறையாதவர் என்றால், அவருக்கு ஆலோசனை சொல்ல இன்னொரு மூத்தவர் இருக்க வேண்டும். இது இல்லை என்று பிறகு தெரிந்தால் தவறு அவருடையது, போவது உங்கள் மணி நேரம்.

மாதக் கணக்கு எப்படி உடைகிறது என்பதற்கு ஓர் உதாரணம். சாதாரண வகையில் ஒரு மாதம் 100 மணி நேரம் செய்தீர்கள். 5 மணி நேரம் மேற்பார்வை தேவை. மேற்பார்வையாளர் விடுப்பில் போனதால் 4 மணி நேரம்தான் கிடைத்தது. மாதம் முழுக்கப் போய்விடாது; 4 மணி நேரம் எதற்கு 5 சதவீதமோ அந்த 80 மட்டும் நிற்கும், 20 போகும். ஆனால் அந்த மாதத்தில் அவர் உங்களைக் குழந்தையோடு வேலை செய்யும்போது ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றால் மாதமே போகும். சாதாரண வகையில் மாதம் 4 சந்திப்பும், செறிவான வகையில் 6 சந்திப்பும் தேவை என்பது இதுவரை உள்ள விதி. குழுவாக நடக்கும் மேற்பார்வை பாதிக்கு மேல் போகக் கூடாது.

மாதச் சான்றுப் படிவத்தில் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். 'மொத்தமாக வருடக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்லும் மேற்பார்வையாளரை உடனே மாற்றுங்கள். வேலையை விட்டுப் போகிறார், சண்டை வருகிறது, நாடு மாறுகிறார் – எது நடந்தாலும் கையெழுத்து இல்லாத மாதங்களை மீட்க வழியில்லை. படிவங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளரிடம் ஒரு பிரதி, உங்களிடம் இரண்டு.

கேள்வி: என் அக்கா மகனுக்கு ஆட்டிசம். அவனோடு வேலை செய்யும் நேரத்தைக் களப்பணியில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. குழந்தைக்கு உறவினராக இருப்பவர் அந்த நேரத்தைக் கணக்கில் காட்ட முடியாது. மேற்பார்வையாளர் உங்களுக்கு உறவினராக இருந்தாலும் செல்லாது. அக்கா மகனுக்குச் சித்தியாகவே இருங்கள். அவனுக்கு வேறு தெரபிஸ்ட் வரட்டும்.

கேள்வி: பி.சி.பி.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டேன். பாடமெல்லாம் தெரிகிறது, கேள்வியைப் பார்த்தால் இரண்டு விடைகள் சரியாகத் தோன்றுகின்றன. எப்படிப் படிப்பது?

பதில்: முதல் முறை எழுதுகிறவர்களிலேயே பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் சமீப ஆண்டுகளில் தேறுகிறார்கள்; மறுபடி எழுதுகிறவர்களில் இன்னும் குறைவு. காரணம், தோற்றவர்கள் அதே புத்தகத்தை அதே மாதிரி இன்னொரு தடவை படிக்கிறார்கள்.

தேர்வு 4 மணி நேரம், 185 கேள்வி, மதிப்பெண் உள்ளவை 175. 500க்கு 400 வாங்கினால் தேர்ச்சி என்பது அளவுமாற்றிய மதிப்பெண். 80 சதவீதம் சரியாக எழுத வேண்டும் என்று பொருள் இல்லை. 2025 முதல் தேர்வு மட்டும் ஆறாம் பதிப்புப் பாடத்திட்டத்தின்படி நடக்கிறது. அதில் அடிப்படைக் கருத்துகளுக்கு 14 சதவீதம், நடத்தையை மாற்றும் முறைகளுக்கு 14, நெறிமுறைக்கு 13, மதிப்பீட்டுக்கு 13, அளவீட்டுக்கு 12, மேற்பார்வைக்கு 11. தத்துவப் பகுதிக்கு 5தான். பலர் பழக்கதோஷத்தில் தத்துவத்தில் ஒரு மாதம் செலவழித்துவிட்டு மேற்பார்வைப் பகுதியைத் தேர்வுக்கு முந்தைய நாள் புரட்டுகிறார்கள்.

இரண்டு விடை சரி என்று தோன்றுவது, பெயரை வைத்துப் படித்ததால் வருவது. ஒரு மாணவன் பயிற்சித் தாளைத் தூக்கி எறிகிறான். ஆசிரியர் தாளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அடுத்த வாரம் எறிவது அதிகமாகிறது. இதைத் 'தண்டனை' என்று குறிக்கிறவர்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறார்கள். நடத்தை அதிகமானதா குறைந்ததா என்பதை முதலில் பாருங்கள். அதிகமானது, ஆகவே வலுவூட்டல். ஏதாவது வந்ததா, போனதா? தாள் போனது, ஆகவே எதிர்மறை வலுவூட்டல். 'எதிர்மறை' என்றால் கெட்டது என்று அன்றாடப் பேச்சில் நினைக்கிறோமே, அதுதான் இங்கே காலை வாருகிறது.

அளவீட்டிலும் இதே கதை. ஒரு நடத்தை இடைவெளியில் ஒரு கணம் நடந்தாலே 'நடந்தது' என்று குறிக்கும் முறை, மொத்த நேரத்தைக் கூட்டிக் காட்டும். இடைவெளி முழுக்க நடந்தால்தான் குறிக்கும் முறை, குறைத்துக் காட்டும். குறைக்க வேண்டிய நடத்தைக்கு முதல் முறையையும் வளர்க்க வேண்டிய நடத்தைக்கு இரண்டாவதையும் ஏன் தேர்வு செய்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தவறு நேர்ந்தாலும் முன்னேற்றத்தை மிகைப்படுத்தாத பக்கமாக நேரட்டும் என்பதுதான் காரணம். இருவர் எடுத்த டேட்டா ஒத்துப்போகிறதா என்ற கணக்கில், ஒருவர் 18, மற்றவர் 20 என்றால் சிறியதைப் பெரியதால் வகுத்து 90 சதவீதம். ஆனால் இருவருமே 20 எண்ணி, ஒருவர் முதல் ஐந்து நிமிடத்திலும் மற்றவர் கடைசி ஐந்து நிமிடத்திலும் எண்ணியிருந்தாலும் 100 சதவீதம் வரும். இந்த ஓட்டை எங்கே இருக்கிறது, எந்த முறை அதை அடைக்கிறது என்று கேட்பதுதான் தேர்வின் பாணி.

கலைச்சொற்களுக்கு அட்டை முறை நல்லது. அமெரிக்க உளவியலாளர் ஆக்டன் லிண்ட்ஸ்லி உருவாக்கிய 'சாஃப்மெட்ஸ்' முறையில் அட்டையின் ஒரு பக்கம் விளக்கம், மறுபக்கம் சொல். ஒரு நிமிடத்தில் எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணி, தினமும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் போதாது, தயங்காமல் சொல்ல வேண்டும். தயங்கும் சொல்தான் தேர்வு அறையில் இரண்டு விடையாகத் தெரிகிறது.

அடுத்த முயற்சிக்கு 30 நாள் இடைவெளி வேண்டும். தேர்வு முடிவோடு பகுதிவாரியாக வரும் விவரத்தை எடுத்து, பலவீனமான இரண்டு பகுதிகளை மட்டும் முதல் மூன்று வாரம் படியுங்கள்.

கேள்வி: குழந்தையின் அம்மா விழாவுக்குப் பரிசு கொடுக்கிறார். வாங்கலாமா?

பதில்: 2022 முதல் நடப்பில் உள்ள வாரியத்தின் நெறிமுறைத் தொகுப்பு 10 அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட பரிசை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்கிறது. சின்னப் பரிசும் அடிக்கடி வந்தால் அது பழக்கமாகிவிடும். முதல் நாளே, மேற்பார்வையாளர் குடும்பத்தோடு பேசும்போது, இந்த விதியைச் சொல்லிவிட்டால் பிறகு மறுப்பதில் சங்கடம் இல்லை.

கேள்வி: ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் ஏ.பி.ஏ. தங்களைக் காயப்படுத்தியது என்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வருவது சரிதானா என்று தயக்கம்.

பதில்: தயங்குகிறவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டும். அவர்கள் சொல்வதில் வரலாறு இருக்கிறது. 1960களில் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் இவார் லோவாஸ் செய்த தொடக்க காலச் சோதனைகளில் குழந்தைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. நடத்தையை மாற்ற மின்னதிர்ச்சி தருவதை எதிர்த்து இத்துறையின் சர்வதேசச் சங்கம் அதிகாரப்பூர்வமாக நிலைப்பாடு எடுத்தது 2022இல்தான். மின்னதிர்ச்சி தராத இடங்களிலும், கையை உதறுவதை நிறுத்து, கண்ணைப் பார் என்று மணிக்கணக்கில் பழக்கியதைத்தான் பலர் வலியாக நினைவுகூர்கிறார்கள்.

அதனால் பயிற்சி மையத்தையும் மேற்பார்வையாளரையும் தேர்ந்தெடுக்கும்போது சில விஷயங்களை நேரில் பாருங்கள். குழந்தை எழுந்து போனால் என்ன செய்கிறார்கள்? போக விட்டு, ஏன் போனான் என்று டேட்டாவில் குறிக்கிறார்களா, கையைப் பிடித்து உட்காரவைக்கிறார்களா? இலக்குகளின் பட்டியலைக் கேளுங்கள். 'வேண்டாம்' என்று சொல்லக் கற்பது, உதவி கேட்பது, வலி எங்கே என்று காட்டுவது போன்றவை முதல் பக்கத்தில் இருந்தால் நல்லது. யாருக்கும் தீங்கில்லாத கையுதறலைக் குறைப்பது இலக்காக இருந்தால், அது யாருக்காக என்று கேளுங்கள். எதற்காக ஒரு நடத்தை நடக்கிறது – தப்பிக்கவா, கவனம் வேண்டியா, பொருள் வேண்டியா, உடலுக்கு இதமாக இருப்பதாலா – என்று கண்டுபிடிக்காமல், எல்லாக் குழந்தைக்கும் ஒரே தாளில் அச்சடித்த திட்டம் கொடுக்கும் இடத்தில் மணி நேரம் சேர்க்காதீர்கள். அங்கே கற்றுக்கொண்டதை மறக்கவே இன்னொரு 2,000 மணி நேரம் ஆகும்.